நிதியும் பொறுப்பும்: தகடூர் மண்ணின் பள்ளி வரலாறு

தகடூர் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் அதியமானும் ஔவையும் தோன்றுவர். அரசன் ஒருவன் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைப் புலவர்க்கு ஈந்த மண் இது. சங்க காலத்திற்குப் பின்னரும் இம்மண்ணில் எழுத்து மறையவில்லை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கண்டெடுக்கப்பட்ட பல்லவர் கால நடுகற்கள், ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரனின் பெயரையும் ஊரையும் வட்டெழுத்தில் தாங்கி நிற்கின்றன. கால்நடை பேணி வாழ்ந்த எளிய ஊர்களிலும் எழுதத் தெரிந்த கை இருந்தது என்பதற்கு அக்கற்களே சான்று.

அத்தகைய மண்ணின் பிற்கால நிலை வேறாயிற்று. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கிருட்டிணகிரியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் பாதிக்கும் குறைவு. பெண்களுள் எழுத்தறிந்தோர் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. 2011ஆம் ஆண்டில் தமிழகம் 80 விழுக்காட்டைத் தொட்டபோதும் தருமபுரி மாநிலத்தின் கடைசி இடத்திலேயே நின்றது.

இந்நிலை ஏன் நேர்ந்தது, எதனால் மாறும் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. அரசுப் பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கினால் யாவும் சீராகும் என்பது ஒன்று. பணம் வேண்டிய அளவு செலவாகிறது; நிருவாகம் சரியில்லாமையே குறை என்பது மற்றொன்று. மேடைகளில் இவ்விரண்டும் எதிரெதிர்க் கட்சிகளாகவே வாதிடுகின்றன. மொரப்பூர் போன்ற ஒரு வானம் பார்த்த வட்டாரத்தின் நிலையிலிருந்து இரண்டு நூற்றாண்டுப் பள்ளி வரலாற்றை நோக்கினால், இவ்வெதிர்நிலை பொருந்தாது என்பது புலனாகும். பணமும் பொறுப்பும் தனித்தனியே வந்து தனித்தனியே தோற்ற காலங்களே இவ்வரலாற்றில் மிகுதி. இரண்டும் ஒரே பள்ளியின் வாசலில் சந்தித்த காலங்கள் சிலவே. அச்சிலவே பயன் தந்தன.

மன்றோவின் கணக்கு

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பணியாற்ற வந்த இளம் அதிகாரி தாமசு மன்றோ, 1799 வரை இப்பகுதியில் வாழ்ந்தார். தருமபுரி அவருக்கு மிகவும் உவந்த ஊராக இருந்தது. பின்னர்ச் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த அவரே, மாகாணத்தின் பள்ளிகள் அனைத்தையும் கணக்கெடுக்க ஆணையிட்டார்.

1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்னும் இக்கணக்கு, திண்ணைப் பள்ளிக்கூட மரபின் பரப்பைக் காட்டுவது. அதே வேளையில் அம்மரபின் எல்லைகளும் மறைக்கத்தக்கன அல்ல. அவற்றில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோருக்கு அத்திண்ணைகள் பொதுவாகத் திறந்திருக்கவில்லை. ஆசிரியர்க்குக் கிடைத்ததோ திங்களுக்கு ஆறேழு ரூபாயை அரிதாகவே தாண்டியது. அதனால் தகுதியுடையோர் இத்தொழிலை நாடுவதில்லை என்று மன்றோ கருதினார்.

ஆகவே அவர் ஒரு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். மாவட்டத் தலைமைப் பள்ளிகளின் ஆசிரியர்க்குத் திங்களுக்கு 15 ரூபாயும், தாசில்தார் எல்லையிலுள்ள பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் அரசே வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். மாகாணம் முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் போதும் என மதிப்பிடப்பட்டது. 1827இல் மன்றோ மறைந்தார். பள்ளிகள் சில தொடங்கப்பட்டன. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதற்கோ பயிற்றுவிப்பதற்கோ, அவர் என்ன கற்பிக்கிறார் என்று உடனிருந்து காண்பதற்கோ உரிய ஏற்பாடு எதுவும் அமையவில்லை. 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. அரசுப் பணம் முதன்முதல் ஊர்ப்பள்ளியை நோக்கி வந்த முயற்சி பத்தாண்டுகளில் இவ்வாறு முடிந்தது. ஊதியம் வந்தது, அதனுடன் வரவேண்டிய கவனிப்பு வரவில்லை.

அளவுகோலின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சியாளர் எதிர்த்திசையில் சென்றனர். ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வருவார். மாணவரைத் தேர்வு செய்வார். எத்தனை பேர் தேறினரோ அதற்கேற்ப மானியம் கிடைக்கும். இங்கிலாந்தில் இராபர்ட் லோ 1862இல் நடைமுறைப்படுத்திய இம்முறை சென்னை மாகாணத்திலும் இடம்பெற்றது. வீண் செலவு குறையும், விளைவு பெருகும் என்பதே இதன் நோக்கம். இன்று மேலாண்மை வல்லுநர் கூறும் பலவற்றின் மூத்த வடிவம் இது எனலாம்.

விளைவு வேறாயிற்று. ஆய்வாளர் கேட்கும் வினாவுக்கு விடையை உருப்போடுவதே கல்வியாயிற்று. தேறமாட்டான் எனத் தோன்றிய பிள்ளைமீது நேரம் செலவிடுவது ஆசிரியர்க்கு இழப்பாயிற்று. ஏற்கெனவே வலுவுடைய பள்ளி மேலும் மானியம் பெற்றது. நலிந்த பள்ளி மேலும் நலிந்தது. இங்கிலாந்து 1890களில் இம்முறையை விட்டது. கர்சன் பிரபுவின் 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தின் காலத்தில் இந்தியாவிலும் இது விலக்கப்பட்டு வந்தது.

இடைக்காலத்தில், 1884ஆம் ஆண்டுத் தல நிருவாகச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் வலுப்பெற்றுத் தொடக்கப் பள்ளிகளை நடத்தலாயின. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்விக்கென வரி விதிக்கவும் வழி செய்தது. தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. பள்ளியை ஆள்வோர் இப்போது ஓரளவு அருகில் இருந்தனர். ஆயின் போர்டுகளின் வருவாய் பெரிதும் நிலத்தின் தீர்வையைச் சார்ந்தது. காவிரிப் பாசன நஞ்சையின் தீர்வை எங்கே, மானாவாரிப் புஞ்சையின் தீர்வை எங்கே? கேழ்வரகும் சாமையும் விளையும் ஊரில் வசூலாகும் கல்வி வரி, அவ்வூரின் வறுமையையே அளந்து காட்டியது. பொறுப்பு அருகில் இருந்தது. கையில் பணம் இல்லை. ஏழை ஊரைத் தன் பள்ளியைத் தானே காத்துக்கொள் என்பது, வற்றிய கிணற்றை அதன் நீரைக்கொண்டே நிரப்பு என்பதைப் போன்றது.

மொரப்பூரின் வரலாற்றிலேயே இதற்கோர் இணை உண்டு. பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் நோக்கில், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது; 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், அப்பாதை மூடப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கழிந்து, 2019இல்தான் மொரப்பூர் – தருமபுரி அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வறண்ட நிலத்துக்கெனச் செய்யப்படும் செலவு, நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும் செலவாக இருப்பதை இவ்வட்டாரம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. பள்ளிகளின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

அரைநாட் பள்ளியும் ஊர்ப் பந்தியும்

1951இல் இன்றைய தமிழகப் பரப்பில் எழுத்தறிந்தோர் ஐவரில் ஒருவர் அளவினரே. குடியரசின் அரசியலமைப்போ பதினான்கு வயது வரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி எனக் குறிக்கோள் வகுத்திருந்தது. பிள்ளைகள் மிகப் பலர். கட்டடமும் ஆசிரியரும் மிகச் சிலர். கருவூலத்தில் பணம் குறைவு. இந்நிலையில் 1953இல் முதலமைச்சர் இராசாசி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய முறை ஒன்றைக் கொணர்ந்தார். பள்ளி நாளை மும்மூன்று மணி நேரம் கொண்ட இரு வேளைகளாகப் பிரித்து, ஒரு வேளைக்கு ஒரு பிரிவு மாணவர் என அமைப்பது. எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் உடனிருந்து பழகுவது என்பது அது.

அதே கட்டடம், அதே ஆசிரியர், இருமடங்கு மாணவர். ஏடுகளில் நோக்கினால் இது சிக்கனமான மேலாண்மை. ஆனால் ஏட்டில் காணாத ஒன்றை மக்கள் கண்டனர். எஞ்சிய அரைநாளில் உழவன் மகன் ஏரையும், வெட்டியான் மகன் மண்வெட்டியையும் பிடிப்பான் என்றால், பிறப்பு விதித்த தொழிலுக்கே அரசு முத்திரை இடுகிறது என்பது அவர்கள் கண்ட பொருள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்னும் பெயரே அதன்மேல் நிலைத்தது. பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு. கழகமும் கிளர்ந்தெழுந்தன, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்ததே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பொதுக்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்ற நெ.து. சுந்தரவடிவேலு, 500 பேர் வாழும் ஊருக்கெல்லாம் பள்ளி எனத் தொடங்கி, பின்னர் 300 பேர் வாழும் சிற்றூர் வரை அதனைக் கொண்டுசெல்லும் பணியில் முன்னின்றார். பள்ளி திறந்தால் மட்டும் பிள்ளை வருமா? வயிறு காய்ந்தவன் வரமாட்டான். ஆகவே 1956இல் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. செலவின் ஒரு பங்கை ஊரார் ஏற்றனர். மறுபங்கை அரசு ஏற்றது. அரிசியும் பருப்பும் காய்கறியும் வீடுகளிலிருந்து வந்தன.

1958 சனவரியில் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஊராரே பட்டியலிட்டனர். கரும்பலகை ஒருவர் தந்தார், கடிகாரம் ஒருவர் தந்தார், மனையொன்று வேறொருவர் எழுதிக் கொடுத்தார். இம்மாநாடுகள் மாவட்டந்தோறும் தொடர்ந்தன. வந்த நன்கொடையின் தொகையைவிட அதனால் விளைந்த உறவு பெரிது. தான் தந்த கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவர் பள்ளிக்கு வருவார். வந்தவர் ஆசிரியர் வந்திருக்கிறாரா என்பதையும் பார்ப்பார். தன் வீட்டுப் பருப்பு வெந்த பந்தியில் யார் பிள்ளை இல்லை என்பதும் அவர் கண்ணில் படும். சுற்றறிக்கையால் ஆக்க முடியாத மேற்பார்வை இது.

எனினும் நன்கொடையைக் கொண்டே அக்காலத்தை விளக்குவதும் பிழையாகும். ஆசிரியர் ஊதியம், புதிய பள்ளிகள், பயிற்சி நிறுவனங்கள் ஆகியவற்றின் பெருஞ்சுமையை அரசு தன் தோளில் ஏற்றது. பணமின்றி ஊர்க்கூட்டம் மட்டும் கூடியிருந்தால் கைதட்டல்தான் மிஞ்சியிருக்கும். அரசின் பணமும் ஊரின் கண்ணும் ஒரே காலத்தில் ஒரே பள்ளியின்மேல் விழுந்தமையே அப்பத்தாண்டின் தனித்தன்மை.

ஊதியம் வந்தது, ஊர் விலகிற்று

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, 1960களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. தொடக்கப் பள்ளிகள் அவற்றின்கீழ் வந்தன. மொரப்பூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இன்றும் பெயர்ப்பலகைகளில் காணப்படும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்னும் தொடர் அக்காலத்தின் எச்சம். 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாயிற்று.

ஒன்றியத்தின் ஆட்சி ஆசிரியர்க்கு எளிதாக இருக்கவில்லை. உள்ளூர்ச் செல்வாக்கும் சாதியும் இடமாற்றத்தில் தலையிடும்; பணிப் பாதுகாப்பு உறுதியற்றது. ஆசிரியர் இயக்கங்களின் நெடுங்கோரிக்கைக்குப் பின், 1981 சூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். நியாயமான, வேண்டியிருந்த மாற்றம் அது. வறண்ட ஒன்றியத்தின் ஆசிரியரும் வளமான ஒன்றியத்தின் ஆசிரியரும் ஒரே ஊதியம் பெற்றனர். நிலத்தீர்வை காலத்து அநீதி ஒழிந்தது.

ஆனால் ஒரு நன்மை ஓர் இழப்போடு சேர்ந்தே வந்தது. பள்ளியைப் பற்றிய முடிவுகள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கும், அங்கிருந்து சென்னைக்கும் சென்றன. ஊர்ப்பள்ளி ‘கவர்மெண்டுப் பள்ளிக்கூடம்’ ஆயிற்று. பேச்சுவழக்கில் நேர்ந்த இச்சிறு மாற்றம், உடைமையுணர்வில் நேர்ந்த பெருமாற்றத்தின் அடையாளம். கூரை ஒழுகினால் அரசு பார்த்துக்கொள்ளும்; ஆசிரியர் வராவிட்டால் அதிகாரி பார்த்துக்கொள்வார். அதிகாரி பார்வையிடும் பள்ளிகளோ மிகப் பல. அவர் மேசைமேல் நிரப்ப வேண்டிய படிவங்கள் அவற்றினும் பல.

அதே காலத்தில் அரசின் செலவு நன்மை செய்யவும் தவறவில்லை. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பந்தியை ஊராரின் ஈகையிலிருந்து குழந்தையின் உரிமையாக மாற்றியது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரை படித்த பெண்ணுக்கே உதவி என வரையறுத்தது. குழந்தை மணம் வேரோடியிருந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில், ‘இன்னும் ஈராண்டு படிக்கட்டும்’ என்று ஒரு தாய் சொல்வதற்கு அந்நிபந்தனை துணையாகக்கூடியது. 2022இல் அத்திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. பணம் எவ்வளவு என்பதைப்போலவே, வீட்டில் எந்த முடிவை அது தொடுகிறது என்பதும் முதன்மையானது என்பதற்கு இவை சான்று.

இவற்றால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். வந்த பிள்ளை கற்றதா என்னும் வினா மட்டும் கேட்பாரற்று நின்றது.

1994: மீண்டும் ஒரு சந்திப்பு

பெண் எழுத்தறிவு தேசிய சராசரிக்கும் கீழாக இருந்த மாவட்டங்களைத் தேர்ந்து நடுவணரசு தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், தமிழகத்தில் 1994இல் முதற்கட்டமாக நுழைந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. உலக வங்கி முதலியவற்றின் உதவியோடு வந்த நிதியில் 85 விழுக்காட்டை நடுவணரசும் 15 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன.

இத்திட்டத்தின் விதிகளிலேயே செலவுக்கும் நிருவாகத்துக்கும் இடையிலான வழக்கு எழுதப்பட்டிருந்தது. கட்டடத்துக்கு இவ்வளவுக்குமேல் செலவிடலாகாது, நிருவாகத்துக்கு 6 விழுக்காட்டுக்குமேல் போகலாகாது என்னும் வரம்புகள் இருந்தன. செங்கல்லாகவே பணம் முடிந்துவிடும் என்னும் அச்சமே முதல் வரம்பின் காரணம். ஒன்றியந்தோறும் வட்டார வளமையமும், பள்ளித் தொகுதிதோறும் ஆசிரியர் கூடிப் பேசும் குறுவளமையமும் அமைந்தன. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கற்பித்தல் பொருள் செய்துகொள்ள ஆண்டுக்கு 500 ரூபாயும், பள்ளிக்கு 2,000 ரூபாயும் நேரடியாகத் தரப்பட்டன. தொகை சிறிது, ஆனால் சுண்ணக்கட்டிக்கும் மேலிடத்து ஒப்புதல் வேண்டிய நிலையில், தலைமையாசிரியர் தாமே முடிவெடுத்துச் செலவிட்ட பணம் அது. ஊர்க் கல்விக் குழுக்களும் உருவாயின.

இத்திட்டமும், 2001இல் இதன் வழித்தோன்றலாக வந்த அனைவருக்கும் கல்வித் திட்டமும் வகுப்பறைகளையும் ஆசிரியரையும் கொணர்ந்தன. ஆயின் ஊர்க் கல்விக் குழு பல இடங்களில் கையொப்பம் இடும் குழுவாகவே நின்றுவிட்டது. தீர்மானப் புத்தகம் ஊராரைத் தேடி வீட்டுக்குச் சென்றது; ஊரார் பள்ளியைத் தேடி வரவில்லை. 1958இல் ஊர் கூடிப் பட்டியலிட்டது. இப்போது பட்டியல் மேலிருந்து வந்தது. வடிவம் ஒன்றுபோலிருப்பினும் உயிர் வேறு.

கற்பித்தலிலேயே மாற்றம் தேடிய முயற்சியும் இக்காலத்தில் நிகழ்ந்தது. 2003இல் ஆணையர் எம்.பி. விஜயகுமார், ரிசிவேலி முறையைத் தழுவிச் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்; 2007–08இல் அது மாநிலமெங்கும் பரவியது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் சிற்றூர்ப் பள்ளிக்கு, ஒவ்வொரு குழந்தையும் தன் ஏணியில் தன் படியில் ஏறும் இம்முறை பொருத்தமானது. பதின்மூன்று பள்ளிகளில் அதனை வளர்த்தது நாள்தோறும் உடனிருந்து திருத்திய கவனிப்பு. பல்லாயிரம் பள்ளிகளுக்கு அட்டைகளை அனுப்புவது எளிது. அக்கவனிப்பை அனுப்புவது அரிது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் அதன் இடத்தைப் பெற்றது.

அளந்து பார்த்தோர் கண்டவை

அண்மைக்காலத்தில் பொருளியல் அறிஞர் இவ்வழக்கை அளந்து பார்க்க முற்பட்டனர். இந்தோனேசியா 2005க்குப் பின் சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் ஊதியத்தை இருமடங்காக்கியது. ஆசிரியரின் மனநிறைவு கூடியது, பணநெருக்கடி குறைந்தது, மாணவரின் கற்றலில் வேறுபாடு தோன்றவில்லை. செலவே மருந்து என்போர் இதனைக் கருதவேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் வகுத்து, அலுவலர் பின்தொடரும் பெருமுயற்சி ஒன்றைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தனர். மதிப்பீடுகள் முறையாக நடந்தன. திட்டங்கள் அழகாக எழுதப்பட்டன. ஆசிரியர் வருகையும் மாணவர் கற்றலும் மாறவில்லை. இருந்தும் அம்முறை வெற்றியெனக் கருதப்பட்டு நாடெங்கும் இலட்சக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்தது. நிருவாகமே மருந்து என்போர் இதனைக் கருதவேண்டும்.

மூன்றாவது சான்று தமிழகத்தினுடையது. கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. திங்களுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் மாலைவேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஊர்ப்புறத் தமிழகத்தின் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் கண்டது இது: பள்ளிகள் மூடியிருந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள் மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது. தொகை சிறிதாயினும் அது அரசின் பணம். அதனைப் பெற்றவர், அக்குழந்தையின் பெயரையும் வீட்டையும் அறிந்தவர். அவன் ஒரு மாலை வராவிடில் தாயைத் தெருவிலேயே கேட்கக்கூடியவர். 1958ஆம் ஆண்டின் கடிகார நன்கொடையாளரும் 2021ஆம் ஆண்டின் தன்னார்வலரும் வெவ்வேறு காலத்தவர். அவர்கள் பள்ளிக்குக் கொணர்ந்தது ஒன்றே.

எஞ்சி நிற்கும் கடமை

இன்று தொகைகள் பெரியன. 2025–26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நடுவணரசு நிறுத்திவைத்ததால் எழுந்த பூசல் நாடறிந்தது. இத்தொகைகள் பற்றிய வழக்கு தேவையற்றதன்று. நிதி நின்றால் முதலில் வாடுவது மொரப்பூர் போன்ற வட்டாரத்துப் பள்ளியே. வளமான ஊர் தன் பிள்ளைக்குத் தனிப்பள்ளியை நாடும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிவேலை தேடிச் செல்லும் குடும்பத்தின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியன்றி வேறு புகலில்லை. ஆகவே, முதலில் நிருவாகத்தைச் சீர்செய்க, பிறகு பணம் தருவோம் என்று ஏழை ஊரை நோக்கிச் சொல்வது அறமன்று. 1953இன் பாடம் அது.

பணம் வந்துவிட்டது, கடமை முடிந்தது என்பதும் அறமன்று. 2019இல் மாணவர் ஒருவரும் இல்லாத 46 தொடக்கப் பள்ளிகளை நூலகங்களாக மாற்ற அரசு முடிவு செய்தது. அப்பள்ளிகளிலும் கட்டடம் இருந்தது. ஊதியம் பெற்ற ஆசிரியர் இருந்தனர். பெற்றோரின் நம்பிக்கை மட்டும் முன்னரே விடைபெற்றிருந்தது. படிக்கத் தெரிந்த பிள்ளைகளை ஆக்கவேண்டிய இடம், நூல்கள் மட்டும் வாழும் இடமாவது இலக்கிய அன்பர்க்கு மகிழ்ச்சி தருவதன்று.

சட்டம் இன்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அக்குழுவின் கூட்டம் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் பெறுவதோடு முடிந்தால், அது 1990களின் ஊர்க் கல்விக் குழுவின் வழியையே பின்பற்றும். மாறாக, கூட்டத்தின் முதல் நிகழ்ச்சியாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெற்றோர் முன்னிலையில் ஒரு பத்தியைப் படித்துக் காட்டட்டும். படிக்க இயலாத பிள்ளைக்காக யாரும் நாணவேண்டியதில்லை. அப்பிள்ளைக்கு என்ன தேவை என்று அங்கேயே எழுதப்படட்டும். ஆசிரியர் தேவையெனில் அதுவே அரசிடம் வைக்கும் கோரிக்கை. மாலையில் உடனிருக்க ஒருவர் தேவையெனில் அது ஊரின் பங்கு. செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்பது அப்பட்டியலிலேயே தெளிவாகும்.

எழுத்தறியாத தாய் ஒருத்தி, தன் மகள் தடுமாறாமல் படிக்கிறாளா என்பதைச் செவியாலேயே அறிந்துகொள்வாள். அவளுக்கு அந்த அவையில் ஓர் இருக்கை வேண்டும். நடுகல்லில் தன் ஊர்ப் பெயரைப் பொறித்த மண்ணில் அது மிகையான வேண்டுகோளன்று.